கொழுப்பு அனுப்பும் செய்தி இதயத்துக்கு எட்டுகிறதா?

என் அப்பா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். முதலில் சரிவுகளில் கொழுந்து வெட்டினார். பிறகு தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்துக்கு மாற்றப்பட்டார். ஆள் ஒல்லி. கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும். ஆனால் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகு வயிறு மட்டும் மெல்ல முன்னால் வந்தது. பெல்ட்டின் கடைசித் துளையும் போதாமல் போனபோது, ஆணியை அடுப்பில் சுட்டு அவரே இன்னொரு துளை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

நான் படிவம் ஐந்தில் இருந்த வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. வயது 52. தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "நான் குண்டு இல்லையே அய்யா, எனக்கு எப்படி வந்துச்சு?"

மாணவர்களே, இந்த வாரப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். அதற்குள் நுழைய அடிப்போனெக்டின் என்ற ஒரு ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு போவோம். பெயர் நீளம்தான். 'அடிப்போ' என்றால் கொழுப்பு சார்ந்தது. பள்ளியில் மலாயில் 'திசு அடிபோஸ்' என்று படிக்கிறீர்களே, அதே சொல்தான்.

ஹார்மோன் எங்கே சுரக்கிறது என்று கேட்டால் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? கணையம், தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி. கொழுப்புத் திசு என்று யாரும் எழுத மாட்டீர்கள். 1990 வரை பெரும்பாலான விஞ்ஞானிகளும் எழுதியிருக்க மாட்டார்கள். மிஞ்சிய சக்தியைப் போட்டு வைக்கும் மூட்டை என்றுதான் கொழுப்பை நினைத்திருந்தார்கள். அரிசி மூட்டை சும்மா கிடக்கும், பேசாது. ஆனால் 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்கள் லெப்டினைச் சுரந்து, "இங்கே போதுமான இருப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லி அனுப்புகின்றன. மூட்டை பேசுகிறது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அடுத்த வருடமே, 1995இல், அமெரிக்காவில் ஹார்வி லோடிஷின் ஆய்வுக்கூடத்தில் பிலிப் ஷெரர், கொழுப்பு செல்களிலிருந்து வெளிவரும் இன்னொரு புரதத்தைப் பற்றி எழுதினார். 1996இல் ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் யூஜி மட்சுசாவாவின் குழுவும் தனியாக அதே புரதத்திடம் வந்து சேர்ந்தது. அவர்கள் போன வழி சுவையானது. கொழுப்புத் திசுவில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தென்பட்ட மரபணு, அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று! அதிலிருந்து உருவாகும் புரதம்தான் அடிப்போனெக்டின்.

இரத்தத்தில் அதன் அளவைப் பாருங்கள். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 3 முதல் 30 மைக்ரோகிராம். லெப்டினை நானோகிராமில் அளக்கிறோம். 1 மைக்ரோகிராம் என்பது 1,000 நானோகிராம் என்பது உங்களுக்குத் தெரியும். ஹார்மோன்கள் வழக்கமாகக் கிசுகிசுக்கும். இது ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறது.

இனி ஒரு புதிர். கொழுப்பு செல்தான் இதைச் சுரக்கிறது என்றால், உடலில் கொழுப்பு அதிகமாக இருப்பவருக்கு அடிப்போனெக்டினும் அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? லெப்டின் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அடிப்போனெக்டினோ நேர்மாறு. உடல் பருமனானவர்களிடம் அது குறைவாக இருக்கிறது என்று 1999இல் ஒசாக்கா குழு அறிவித்தது. அதிலும் வயிற்றுக்குள் குடல், கல்லீரலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு கூடக் கூட, அடிப்போனெக்டின் இறங்குகிறது.

ஏன்? கொழுப்பு செல் ஒரு அளவுக்கு மேல் உப்பிவிட்டால் அதற்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. நோயெதிர்ப்பு செல்கள் அங்கே வந்து கூடுகின்றன. ஒரு மெல்லிய அழற்சி தொடங்குகிறது. அழற்சியின்போது வெளிவரும் வேதிப்பொருள்கள் அடிப்போனெக்டின் உற்பத்தியை அடக்கிவிடுகின்றன. அளவுக்கு மீறி ஆள்களை அடைத்த லயத்து வீட்டில் யாராலும் ஒழுங்காக வேலைக்குக் கிளம்ப முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹார்மோன் செய்யும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைக் கேட்க இது உதவுகிறது. கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது. இதயத்தைப் பொறுத்தவரை முக்கியமானது இரத்தக் குழாயின் உள்சுவர். மாரடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை. வெள்ளை அணுக்கள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, உள்ளே நுழைந்து, கெட்ட கொலஸ்ட்ராலை விழுங்கி, பல வருடங்களில் ஒரு திட்டாகத் திரள்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அடிப்போனெக்டினைச் சேர்த்தபோது அந்த ஒட்டுதல் குறைந்தது. எலிகளுக்கு அதைக் கூடுதலாகக் கிடைக்கச் செய்தபோது திட்டுகள் சிறிதாயின. 2002க்குள் இவ்வளவும் தெரிந்துவிட்டது.

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1993க்கும் 1995க்கும் இடையில் இரத்தம் கொடுத்த, 40 முதல் 75 வயதுக்குட்பட்ட, அப்போது இதய நோய் இல்லாத 18,225 ஆண்கள். அந்த இரத்தத்தை உறைநிலையில் பத்திரப்படுத்திவிட்டு ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதற்குள் 266 பேருக்கு மாரடைப்பு வந்தது அல்லது இதய நோயால் மரணம் நேர்ந்தது. அந்த 266 பேரின் பழைய இரத்தத்தையும், நோய் வராத 532 பேரின் பழைய இரத்தத்தையும் எடுத்து அடிப்போனெக்டினை அளந்தார்கள். 18,225 பேருக்கும் ஏன் அளக்கவில்லை? செலவுதான். ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் என்று ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். இந்தச் சிக்கனத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

விடை 0.39. அளவு வாரியாக ஆள்களை ஐந்து சம பங்காகப் பிரித்தார்கள். மிகக் குறைவான பங்கில் 100 பேருக்கு நோய் வந்தால், மிக அதிகமான பங்கில் அதே எண்ணிக்கை ஆள்களில் ஏறக்குறைய 39 பேருக்குத்தான் வந்தது என்று பொருள். கொலஸ்ட்ரால் அளவுகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது இது 0.56 ஆனது. அப்போதும் கணிசமான வித்தியாசம்தான்.

நம்மவர்களைப் பற்றியும் அதே காலத்தில் செய்திகள் வந்தன. சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 'கியூர்ஸ்' என்ற பெரிய மக்கள்தொகை ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீரிழிவு உள்ள 100 பேரையும், இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டு 2005இல் எழுதினார்கள். ஆண்களில் நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிப்போனெக்டின் 5.2 மைக்ரோகிராம், இல்லாதவர்களுக்கு 8.3. பெண்களில் 7.6க்கு எதிராக 11.1. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வந்தது. சீனர்களைவிட மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் அது குறைவாக இருந்தது.

இதையெல்லாம் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் முதன்முதலாகப் படித்தபோது, அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அடிப்போனெக்டின் குறைந்தது, இதயம் அடைத்தது. முடிந்தது கதை. அவசரப்பட்டுவிட்டேன்.

பிரிஞ்சாங்கில் காலையில் பனி மூடும் நாள்களைக் கவனித்திருக்கிறீர்களா? அன்று ஸ்வெட்டர் போட்டவர்கள் அதிகம் இருப்பார்கள். காய்கறி லாரிகளின் முன்விளக்குகளும் எரியும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. அதற்காக, நாம் ஸ்வெட்டரைக் கழற்றினால் லாரி விளக்கு அணைந்துவிடுமா? இரண்டுக்கும் பின்னால் இருப்பது பனி. அடிப்போனெக்டின் குறைவும் இதய நோயும் சேர்ந்து வருகின்றன என்றால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கலாம். வயிற்றுக் கொழுப்பு என்ற பனி இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தும் இருக்கலாம்.

2006இல் சந்தேகம் வலுத்தது. பிரிட்டனின் 24 நகரங்களில் 1978 முதல் 1980 வரை இரத்தம் எடுத்து வைத்த ஆண்களில், பின்னாளில் இதய நோய் கண்ட 589 பேரையும் காணாத 1,231 பேரையும் நவீத் சத்தார் குழுவினர் ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. அதுவரை வந்த ஆய்வுகளையும் தங்களுடையதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது கிடைத்த எண் 0.84. இந்த எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு: உண்மையான மதிப்பு 0.70க்கும் 1.01க்கும் இடையில் எங்காவது இருக்கலாம். 1 என்றால் வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். வரம்பு 1ஐத் தாண்டிவிட்டதால் "பாதுகாக்கிறது" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 2004இன் 0.39 எங்கே, இந்த 0.84 எங்கே! அறிவியலில் முதலில் வரும் ஆய்வின் எண் பல முறை இப்படித்தான் பெரிதாக இருந்து, பிறகு சுருங்குகிறது. செய்தித்தாள்களில் முதல் எண்தான் பெரிய எழுத்தில் வரும் என்பதை நம் பத்திரிகையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதைவிடக் குழப்பமான செய்தியும் வந்தது. இதயம் ஏற்கெனவே பலவீனமான நோயாளிகளை டென்மார்க்கில் ஆராய்ந்தபோது, அடிப்போனெக்டின் அதிகம் உள்ளவர்களே விரைவில் இறந்தார்கள். 2005இல் வந்த முடிவு இது. பிரிட்டனில் 60 முதல் 79 வயதுள்ள ஆண்களிடமும் அப்படித்தான்: அளவு கூடக் கூட மரணமும் கூடியது. நல்ல ஹார்மோன் திடீரென்று வில்லனாகிவிட்டதா?

இல்லை. இங்கே காரணமும் விளைவும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இதயத் தசை சிரமப்படும்போது இதயமே சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. (ஆம், இதயமும் சுரக்கும், தேர்வில் எழுதிப் பாருங்கள், ஆசிரியர் புருவத்தை உயர்த்துவார்.) அந்த ஹார்மோன்கள் கொழுப்பு செல்களைத் தூண்டி அடிப்போனெக்டினைக் கூட்டுகின்றன. நோய் முற்றி உடல் மெலிவதும் அதைக் கூட்டும். ஆகவே இவர்களிடம் ஹார்மோன் கூடியதால் இதயம் கெடவில்லை. இதயம் கெட்டதால் ஹார்மோன் கூடியிருக்கிறது.

சரி, எது காரணம், எது விளைவு என்று எப்படித்தான் பிரிப்பது? ஆயிரம் பேரைப் பிடித்து, பாதிப் பேருக்கு மட்டும் இருபது வருடம் அடிப்போனெக்டின் ஏற்றிப் பார்க்க முடியாது. ஆனால் இயற்கை அந்தச் சோதனையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. அடிப்போனெக்டினுக்கான மரபணு 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் சிறு எழுத்து மாற்றங்கள் உண்டு. சில மாற்றங்கள் உள்ளவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே அடிப்போனெக்டின் சற்று அதிகம். வேறு மாற்றம் உள்ளவர்களுக்குச் சற்றுக் குறைவு. யாருக்கு எது கிடைக்கும் என்பது கருவில் குலுக்கல் சீட்டு மாதிரி. ரொட்டி சானாய் எத்தனை சாப்பிட்டார், மலை ஏறினாரா, சிகரெட் பிடித்தாரா என்பதெல்லாம் அந்தச் சீட்டை மாற்றாது. நோய் வந்த பிறகும் அது மாறாது. மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடம் நினைவிருக்கிறதா? அந்த விதியை நம்பியே இந்த முறை நடக்கிறது; அதனால் அவர் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள்.

அடிப்போனெக்டின் உண்மையிலேயே இதயத்தைக் காக்குமானால், பிறவியிலேயே அதிகம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வர வேண்டும். 60,000க்கும் அதிகமான இதய நோயாளிகளின் மரபணுத் தகவலை வைத்துச் செய்த கணக்கு 2016இல் வெளிவந்தது. அப்படி ஒரு பாதுகாப்பு தெரியவில்லை. சீட்டில் அதிகம் விழுந்தவர்களும் குறைவாக விழுந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நோய்வாய்ப்பட்டார்கள். எலிகளிலும்கூட, 2010இல் வந்த ஓர் ஆய்வில் அடிப்போனெக்டின் அளவுக்கும் குழாய்த் திட்டுகளுக்கும் தொடர்பு தென்படவில்லை.

என் தீர்ப்பைச் சொல்லட்டுமா? இன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால், அடிப்போனெக்டின் காவல்காரர் என்பதைவிட, மீட்டர் முள் என்பதே பொருந்துகிறது. லாரியில் பெட்ரோல் முள் கீழே போவது ஆபத்தின் அடையாளம். ஆனால் முள்ளை விரலால் தூக்கிவிட்டால் லாரி மலை ஏறாது. ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். அந்த மரபணுக் கணக்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மைப் போன்றவர்களை அதிகமாகச் சேர்த்துப் பார்க்கும் வரை வழக்கு முழுதாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

முள் சுட்டிக்காட்டுவது எதை? மறுபடியும் வயிற்றுக் கொழுப்பைத்தான். இங்கே உங்களுக்கு ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. மேசையில் காகிதத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே ஆள். ஆனால் கருவியில் அளந்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு! ஒரே எடை, ஒருவரிடம் அதிகம் தசை, மற்றவரிடம் அதிகம் கொழுப்பு. யாஜ்னிக் புனேயில் பச்சிளம் குழந்தைகளையும் அளந்து பார்த்தவர். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது பெரும்பாலும் தசை. ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் இந்த அமைப்பு தெற்காசியர்களிடம் அதிகம்.

என் அப்பா அந்தப் படத்தில் மூன்றாவது ஆளாக நின்றிருக்கலாம்.

தோட்டத்தில் இது எப்படி வந்தது என்று யோசிக்கிறேன். கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. பிறகு கத்தரி வந்தது. அதற்குப் பிறகு இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. இன்று இலை எடுப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் கடைகளிலும் ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். மலை ஏறியவர்களின் சாப்பாட்டுத் தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது: அதே சோற்று மலை, அதே கட்டிப்பால் போட்ட தேநீர். 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. நீரிழிவும் இதய நோயும் ஒரே வீட்டில் குடியிருப்பவை.

இந்த வாரச் செய்முறைக்குத் தராசு வேண்டாம், ஒரு நூல் போதும். உங்கள் உயரத்துக்குச் சமமாக நூலை வெட்டி, சரி பாதியாக மடியுங்கள். மடித்த நூலை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் சுற்றுங்கள். நூலின் இரு முனைகளும் சேர்ந்துவிட்டால் இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறது. சேரவில்லை என்றால் வயிற்றுக் கொழுப்பு கூடியிருக்க வாய்ப்புண்டு. வயிற்றை உள்ளிழுத்து ஏமாற்றாதீர்கள். நானும் செய்து பார்த்தேன், ஒரு சென்டிமீட்டர்கூட லாபமில்லை. வகுப்பில் ஒருவரை ஒருவர் அளந்து கேலி செய்யவும் வேண்டாம். முனைகள் சேராதவர்கள் பட்டினி கிடக்காமல் கிளினிக்கில் கேளுங்கள். முக்கியமாக, வீட்டில் அப்பா, அம்மா, தாத்தாவை அளந்து பாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். தாண்டியவர்களிடம், "எடை சரிதான்" என்ற பதிலோடு நிற்காமல், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இதைப் பாடமாக நடத்தியபோது படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இன்சுலின் மாதிரி இதையும் ஊசியாப் போட முடியாதா?" நல்ல கேள்வி. அடிப்போனெக்டின் மூலக்கூறுகள் மூன்று மூன்றாக, ஆறு ஆறாக, இன்னும் பெரிய கொத்துகளாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன. அந்தக் கொத்தை அப்படியே தொழிற்சாலையில் செய்வது கடினம். 2013இல் தோக்கியோ பல்கலைக்கழகக் குழு, அடிப்போனெக்டின் வந்து அமரும் ஏற்பியைத் தட்டி எழுப்பும் ஒரு சிறிய மூலக்கூறைக் கண்டுபிடித்தது. வாய்வழி கொடுத்தாலே எலிகளில் சர்க்கரை குறைந்தது. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. எடை குறைந்தால், குறிப்பாக வயிறு குறைந்தால், அடிப்போனெக்டின் தானாகவே ஏறுகிறது என்று அவளிடம் சொன்னேன். "அப்போ முள்ளுதானே சார் ஏறுது?" என்று திருப்பிக் கேட்டாள். ஆமாம், முள்தான். கூடவே தொட்டியும் நிரம்புகிறது.

அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. தினமும் காலையில் ரிங்லெட் சந்தை வரை நடந்து போய் வருகிறார். பெல்ட்டில் அவர் சுட்டுப் போட்ட துளை இன்னும் இருக்கிறது. கொக்கி அதிலிருந்து இரண்டு துளை உள்ளே வந்துவிட்டது.